பன்னிரண்டு சட்டிக் கலப்பை

சத்தம் முதலில் என் காதில்தான் விழுந்தது.

வேலாத்தா அக்காவின் கரிசல் காட்டில், வேப்பமர நிழலில் உட்கார்ந்து சோத்துப் போசியைத் திறந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மேற்கு வரப்போரம் டிராக்டரைத் திருப்பி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். பின்னால் சட்டிக் கலப்பை மண்ணை வெட்டும் சத்தம் ஒரே சீராக இருக்கும். பழகியவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடலாம். அந்தச் சீருக்கு நடுவில் கிறீச்சென்று ஒன்று புகுந்தது. அப்புறம் ‘டக், டக்’ என்று இரண்டு அடி. வண்டி நின்றது.

போசியை மூடி வைத்துவிட்டு ஓடினேன். கலப்பையின் பின்னச்சில் இருந்த வட்ட இரும்புச் சட்டிகள் சுற்றாமல் மண்ணை வாரிக்கொண்டு நின்றன. பேரிங் இருக்கும் இடத்திலிருந்து கிரீஸ் கருகிய வாடை வந்தது. தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது.

அவர் இறங்கி வந்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. போனை எடுத்து, உடுமலைப்பேட்டையில் பழைய இரும்பு எடுக்கும் ஒருவரை அழைத்தார்.

“ஏனுங்க, சட்டிக் கலப்பை ஒண்ணு இருக்குதுங்க. பன்னெண்டு சட்டி. ஆமாங்க, எடைக்குத்தானுங்க. ஞாயித்துக்கெழமை மத்தியானம் வண்டி கொண்டாங்க.”

அன்று புதன்கிழமை.

வேலாத்தா அக்கா வரப்பு வழியாக வந்து சேர்ந்தார். அந்த எட்டு ஏக்கருக்கும் அவர் ஒருவர்தான் எஜமானி, வேலைக்காரி எல்லாம். ஐப்பசி மழை ஒரு சுற்றுப் பெய்து ஓய்ந்திருந்தது. கட்டி உடைத்துக் கொண்டைக்கடலை விதைக்க வேண்டிய பதம். கரிசல் மண்ணில் அந்தப் பதம் நான்கைந்து நாள் நிற்கும், அவ்வளவுதான். ஊரில் இருக்கிற டிராக்டர் எல்லாம் அவரவர் காட்டில் ஓடிக்கொண்டிருந்ததால் வேறு வண்டியும் கிடைக்காது.

“கண்ணு, பாதிக் காடு கெடக்குதே. ஈரம் போயிருச்சுன்னா வெதை மொளைக்காது” என்றார் என்னிடம். என் வீட்டுக்காரரிடம் அவர் கேட்கவே இல்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இனி இது ஆகாது, சரசு. மூணு வருசமா மூணு தடவை பேரிங் போயிருச்சு. இதைக் கொடுத்துட்டு டிராக்டரையும் கொடுத்துரலாம். மச்சான் கம்பெனி வேன் ஓட்டக் கூப்பிட்டுட்டே இருக்கறான். திருப்பூருக்கே போயிரலாம். நீயும் பழையபடி செக்கிங் போயிக்கலாம்.”

எனக்கு வந்த கோபத்தில் போசியைத் தூக்கி எறிந்திருப்பேன். சாப்பாடு வீணாகுமே என்று விட்டேன்.

“ஞாயித்துக்கெழமைதானுங்களே வர்றாங்க? அதுவரைக்கும் இது என்ற பொறுப்புங்க” என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மேஜையும் குழல் விளக்கும்

திருப்பூருக்குத் திரும்பிப் போவதற்கு ஏன் அப்படிப் பயந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இந்தப் பெண்பிள்ளைக்கு இரும்போடு என்ன சண்டை என்று தோன்றும்.

கல்யாணமான புதிதிலிருந்து பல வருஷங்கள் நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். தைத்து வந்த ஒவ்வொரு பீஸையும் மேஜையில் விரித்து, குழல் விளக்குக்குக் கீழே பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், நிறம் மாறிய கை. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகப் போட வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. அந்த மேஜை எனக்குச் சோறு போட்டது. அதைக் குறை சொன்னால் நன்றி கெட்டவள் ஆவேன்.

ஆனால் அந்த வேலை கண்ணோடு நிற்பதில்லை. வீட்டுக்கு வந்தால் குழம்பில் குறை தெரியும், சுவரில் குறை தெரியும், பக்கத்து வீட்டுக்காரி கட்டிய சேலையில் கரை மாறியிருப்பது தெரியும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டைக் காலரில் தையல் விட்டிருப்பதைப் பார்த்து அவர் அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன். வாயை அடக்க ஒரு ஸ்டிக்கரை என் உதட்டில் ஒட்டியிருக்கலாம்.

கடைசி வருஷத்தில் முழங்கால் இரண்டும் வீங்கிப்போய், சாயங்காலம் பஸ் படியில் ஏற முடியாமல் கண்டக்டர் கைகொடுத்துத் தூக்கிவிட்ட நாள் ஒன்று உண்டு. அதற்குப் பிறகுதான் விட்டேன். இங்கே வெயிலும் மண்ணும் இருந்தாலும், நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதில்லை. உட்காரலாம், நடக்கலாம், யாரையாவது திட்டலாம். அந்தச் சட்டி போனால் டிராக்டர் போகும், டிராக்டர் போனால் மறுபடியும் அந்த மேஜை. எனக்குக் கணக்கு அவ்வளவு நேராகத் தெரிந்தது.

இரும்புக்கு ஸ்டிக்கர் ஒட்டியவள்

சட்டிக் கலப்பை என்று எங்கள் பக்கம் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. ஆழ உழுவதற்கு மூன்று பெரிய சட்டி உள்ளது ஒன்று. உழுத காட்டில் கட்டி உடைக்கவும், புல்லை வெட்டி மண்ணோடு கலக்கவும் நிறையச் சட்டி உள்ளது இன்னொன்று. கடையில் இதை டிஸ்க் ஹாரோ என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். எங்களுடையது இரண்டாவது.

முன்னச்சில் ஆறு, பின்னச்சில் ஆறு. முன்னால் இருப்பவை மண்ணை வலப்பக்கம் தள்ளும், பின்னால் இருப்பவை அதையே இடப்பக்கம் திருப்பித் தள்ளும். அதனால் சட்டிகளின் குழிந்த பக்கம் முன்னும் பின்னும் எதிரெதிராகப் பார்த்திருக்கும். இதை மாற்றி மாட்டினால் டிராக்டர் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும்.

அச்சு என்பது ஒரு நீளமான சதுரக் கம்பி. அதில் ஒரு சட்டி, ஒரு இரும்புக் குழல், மறுபடி ஒரு சட்டி என்று கோத்து, இடையில் பேரிங் வைத்து, ஓரத்தில் பெரிய நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். நட்டுத் தளர்ந்தால் எல்லாம் தளர்ந்துவிடும். அச்சு ஒரு பக்கம் சுற்ற, சட்டி ஒரு பக்கம் நிற்க, சட்டியின் சதுர ஓட்டை தேய்ந்து வட்டமாகிவிடும்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. கழற்றித்தான் தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை மத்தியானமே தொடங்கிவிட்டேன். ஜாக்கி வைத்துக் கலப்பையைத் தூக்கி, கீழே தென்னங்கட்டை முட்டுக் கொடுத்தேன். நட்டு அசையவில்லை. டீசலை ஊற்றி ஊறவிட்டேன். ஸ்பானரில் நீளமான பைப்பைச் சொருகித் தொங்கிப் பார்த்தேன். நான்தான் ஆடினேன், நட்டு ஆடவில்லை. வேலாத்தா அக்கா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து பைப்பின் மறுபக்கம் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து தொங்கியபோது படீரென்று விட்டுக்கொடுத்தது. இருவரும் உழுத மண்ணில் உட்கார்ந்துவிட்டோம்.

“அக்கா, அடி பட்டுதுங்களா?”

“அதெல்லாம் இல்லை. நட்டு கழண்டுதா, அதைச் சொல்லு.”

கழன்றது.

அடுத்தது என் கெட்டிக்காரத்தனம். கம்பெனியில் துணியை வெட்டியவுடன் ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒரே ரோலில் வெட்டிய முன்பக்கமும் பின்பக்கமும் கையும் ஒன்றாகச் சேர வேண்டும். மாறினால் நிறம் ஒத்துப்போகாது. அந்தப் பழக்கத்தில் பீரோவில் மிச்சமிருந்த ஸ்டிக்கர் ரோலை எடுத்து வந்து, ஒவ்வொரு சட்டிக்கும் குழலுக்கும் வாசருக்கும் வரிசையாக நம்பர் ஒட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. போட்டோகூட எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை எல்லாவற்றையும் டீசலில் போட்டுக் கழுவினேன். ஸ்டிக்கர் அத்தனையும் பிரிந்து டீசலில் மிதந்தது.

கொஞ்ச நேரம் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டு அந்த வழியாகப் போனார். பக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடையைக் கட்டினார். சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது.

கடைசியில் செக்கிங் கண்தான் காப்பாற்றியது. குழல் உட்கார்ந்த இடத்தில் ஒவ்வொரு சட்டியிலும் ஒரு துரு வளையம் இருந்தது. எந்த இரண்டு வளையமும் ஒரே மாதிரி இல்லை. குழலின் விளிம்பில் இருந்த தேய்மானத்தையும் சட்டியின் வளையத்தையும் ஒத்துப் பார்த்து ஜோடி சேர்த்தேன். இந்த முறை ஸ்டிக்கர் ஒட்டவில்லை, உளியால் கொத்தி அடையாளம் போட்டேன்.

பாய் இழுத்த துணி

வெள்ளிக்கிழமை காலை, பேரிங் இருந்த இரண்டு கூடுகளையும் ஓட்டை வட்டமாகிப்போன ஒரு சட்டியையும் சாக்கில் கட்டி, மொபெட்டில் வைத்து உடுமலைப்பேட்டை போனேன். அங்கே இப்ராகிம் பாயின் லேத் பட்டறை. எங்கள் பக்கத்து டிராக்டர்காரர்கள் பாதிப் பேருக்கு அவர்தான் வைத்தியர்.

பாய் கூட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு ஓரத்தில் கறுப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. மூக்குக் குறட்டால் பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. ஒரு கை நீளம் வந்த பிறகும் நிற்கவில்லை.

“இது என்னுங்கம்மா? பேரிங்குக்குப் பனியன் போட்டு உட்டிருக்கறீங்க?” என்றார். வேலையாட்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அவர் அந்தத் துணியை டீசலில் நனைத்துப் பிழிந்து மேஜையில் போட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. கறுப்புக்கு உள்ளேயிருந்து ஆகாய நீலத்தில் மெல்லிய கோடு தெரிந்தது.

அந்தக் கோடு எனக்குத் தெரியும். ஒரு வருஷம் முழுக்க அந்தத் துணியில் ஓட்டை தேடியிருக்கிறேன்.

பாய் பேசிக்கொண்டே போனார். “துணி கிரீஸை உறிஞ்சிக்கும்ங்க. வெளியில இருக்கற மண்ணைப் புடிச்சு வெச்சுக்கும். அது மட்டுமில்லீங்க, இது இழுபடற துணி, லைக்ரா கலந்தது. அச்சு சுத்தச் சுத்த இதும் சுத்திக்கிட்டு உள்ள போயி, மண்ணைத் தடுக்கற ரப்பர் வளையத்தை, ஆயில் சீலுங்க, அறுத்துப்போடும். அப்புறம் மண்ணு நேரா பேரிங்குக்குத்தானே போகும். புது பேரிங் மாத்துனாலும் ஒரு வருசம் தாங்காதுங்க. எந்தப் புண்ணியவான் வேலைங்க இது?”

“தெரியலீங்க பாய்” என்றேன்.

தெரியும். அந்தப் புண்ணியவதி நான்தான்.

மூட்டையில் வந்த வினை

எங்கள் பக்கம் பனியன் வேஸ்ட் இல்லாத வீடு கிடையாது. வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணி தலையணைக்குள் இருக்கும், கால்மிதியாகக் கிடக்கும், வண்டி துடைக்கும், மோட்டார் பைப் ஒழுகினால் சுற்றிக் கட்டப்படும், மாட்டுக்குக் கால் பிசகினால் கட்டுப் போடும். கதவு ஆடினால் அதற்கும் ஒரு துண்டு. எதில் இடைவெளி இருந்தாலும் பனியன் துணியை வைத்து அடைப்பது எங்களுக்குக் கை தானாகச் செய்கிற வேலை.

திருப்பூரில் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவர் ஊருக்கு வந்து பழைய டிராக்டரும் இந்தக் கலப்பையும் வாங்கிய முதல் வருஷம், நான் இன்னும் திருப்பூரில்தான் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கியதும், ஒரு மூட்டை வேஸ்ட்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி ஊருக்கு வருவேன். ஒரு முறை அவர் கலப்பைக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. என் கண்ணுக்கு அது குறையாகப் பட்டது.

“இதுல மண்ணு போகாதுங்களா? துணியைச் சுத்தி உடுங்க” என்றேன். அவர் தயங்கினார். நானே நல்ல நீளமான துண்டாகப் பார்த்துக் கிழித்து, இறுக்கிச் சுற்றி, ஸ்க்ரூ டிரைவரால் குத்தி உள்ளே தள்ளிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை பேரிங் மாற்றும்போதும் அவரும் மறக்காமல் துணி சுற்றினார். மனைவி சொன்னதைக் கேட்டார், பாவம்.

இது மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போன வருஷம் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் முறை பேரிங் போனபோது, கலப்பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு ஊருக்குள் வந்து, டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். அதற்குள் நானும் வேலையை விட்டு ஊருக்கு வந்திருந்தேன். செய்தி தெரிந்து வீட்டிலிருந்து போனேன். பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

“உங்களுக்கு ரோட்டுல வேன் ஓட்டத்தானுங்க வரும். காடு ஓட்ட வராது. வேன் ஓட்டற கைக்கு எதுக்குங்க சட்டியெல்லாம்?”

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு ‘வேன்காரர்’ என்று பெயர் ஆகிவிட்டது. காடு ஓட்டக் கூப்பிடுகிறவர்கள்கூட, “வேன்காரரே, பார்த்து ஓட்டுங்க” என்றார்கள். அவர் அதற்கும் சிரித்துக்கொண்டுதான் போனார். அது அவருக்கு உறைக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். செக்கிங்கில் இருபது பேருக்கு நடுவே முதல் ஆளாக இருந்தவள் நான். கூடவே இருந்த மனுஷன் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

பாயிடம் அந்தத் துணியைக் கேட்டு வாங்கி ஒரு கவரில் போட்டுக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்றால், அவர் குப்பையில் போட்டு வேறு யாராவது பார்த்துவிடக் கூடாது என்றுதான். நல்ல எண்ணம் ஒன்றும் அப்போது இல்லை. வரும் வழியில் வாய்க்கால் பாலத்தில் மொபெட்டை நிறுத்தினேன். தண்ணீரில் எறிந்துவிட்டால் தீர்ந்தது. புதுப் பேரிங், புது சீல், இனிமேல் துணி வேண்டாம் என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். படிக்கட்டில் ஒருவர் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவர் என்னையே பார்த்ததால் எறியாமல் வந்துவிட்டேன். என் நேர்மை அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

அரைச் சுற்று

சனிக்கிழமை முழுக்கக் கோத்தேன். பாய் தேய்ந்த சட்டியின் ஓட்டைக்குச் சதுரமாகப் பட்டை வைத்து வெல்டு செய்திருந்தார். புதுப் பேரிங்கையும் சீலையும் அவரே கூட்டில் அடித்துக் கொடுத்திருந்தார். கொத்திய அடையாளத்தைப் பார்த்து, குழிந்த பக்கம் எல்லாம் ஒரே திசை பார்க்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்து, ஒவ்வொன்றாக அச்சில் ஏற்றினேன். வேலாத்தா அக்கா தாங்கிப் பிடித்தார்.

நட்டு இறுக்குவதில் ஒரு விஷயம் பாய் சொல்லியிருந்தார். இதற்கு மேல் போகாது என்று தோன்றும்வரை இறுக்க வேண்டும். அப்புறம் சட்டிகளைச் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டு மறுபடி முயல வேண்டும். செய்து பார்த்தேன். இன்னும் அரைச் சுற்றுப் போனது. தட்டினேன், இன்னும் கொஞ்சம் போனது. மூன்றாம் முறைதான் நின்றது. நட்டுக் கழலாமல் பிடிக்கும் பூட்டுத் தகட்டை மடித்துவிட்டு, கிரீஸ் துப்பாக்கியால் சுத்தமான கிரீஸ் வெளியே எட்டிப் பார்க்கும்வரை அடித்தேன்.

கையில் தோல் உரிந்திருந்தது. வேலாத்தா அக்கா ஒரு சட்டியைப் பிடித்துச் சுற்றிவிட்டார். ஆறும் சேர்ந்து சத்தமில்லாமல் சுற்றின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கவர் மட்டும் வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது.

டிராக்டரை நிறுத்தச் சொன்னேன்

ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கூப்பிட்டேன். டிராக்டர் ஓட்ட எனக்குத் தெரியாது, அவர்தான் வர வேண்டும். வந்தார். கலப்பையை மாட்டினார். நின்றுபோன இடத்திலிருந்து ஒரு சுற்றுப் போனார். கட்டிகள் உடைந்து மண் புரண்டுகொண்டே வந்தது. கிறீச் இல்லை, டக் இல்லை. வேலாத்தா அக்கா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி உருட்டிப் பார்த்துவிட்டு, ஈரம் இருக்கிறது என்று எனக்குத் தலையசைத்தார்.

சுற்று முடிந்து எங்கள் அருகே நிறுத்தினார்.

“நல்லா ஓடுதுங்களா?” என்றேன்.

“ஓடுது. நீ நல்லாத்தான் செஞ்சிருக்கறே” என்றார். “இந்தக் காட்டை முடிச்சுக் கொடுத்தர்றேன். மத்தியானம் வண்டி வந்தா ஏத்தி உட்டுரலாம்.”

“அதான் ஓடுதுங்களே.”

“எத்தனை நாளைக்கு ஓடும், சரசு? என்ற கையில எதுவும் நிக்கறதில்லை. நீ சொன்னது செரிதான். எனக்குக் காடு ஓட்ட வராது.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். வெயில் அதிகம் என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். மனசுக்குள் எப்போதோ முடிவாகிப்போன விஷயம் அது. இரும்பை நான்கு நாள் கழற்றி மாட்டியிருக்கிறேன், கெட்டுப்போன இடம் அது இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“வண்டியை ஆஃப் பண்ணுங்க” என்றேன். நிறுத்தினார்.

மொபெட்டில் வீட்டுக்குப் போய்க் கவரை எடுத்து வந்தேன். துணியை எடுத்து டிராக்டரின் மட்கார்டு மேல் விரித்தேன். பாய் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். துணி யாருடையது, யார் கிழித்தது, யார் உள்ளே தள்ளியது என்பதையும் சொன்னேன்.

“உங்க கையில ஒண்ணும் இல்லீங்க. மூணு தடவையும் கெடுத்தது நானுங்க. கெடுத்துட்டு உங்களையவே பேசிப்போட்டனுங்க.”

அவர் துணியைத் தொடவில்லை. குனிந்து அந்த நீலக் கோட்டைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மாறியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை.

“டீக்கடை முன்னால அன்னைக்கு எத்தனை பேரு இருந்தாங்க?” என்றார்.

“ஏழு பேருங்க.”

“எண்ணி வெச்சிருக்கறே.”

நான் துணியைச் சுருட்டிக் கவருக்குள் போட்டேன்.

“அந்த ஏழு பேருகிட்டயும் நீயே போய்ச் சொல்லோணும். நான் சொன்னா பொண்டாட்டி மேல பழி போடறான்னுவாங்க. நீ சொல்லு. அன்னைக்குச் சொன்ன மாதிரியே சத்தமாச் சொல்லு.”

வண்டியைக் கிளப்பினார். வேலாத்தா அக்கா என் முதுகைத் தொட்டார், ஆனால் எனக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததும் சரிதான்.

மத்தியானம் பழைய இரும்பு வண்டி வந்து ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. அவர் காட்டின் அந்தக் கோடியில் இருந்தார். காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்காமல் அடுத்த சுற்றுக்குப் போனார். நான் போய் அந்த ஆட்களிடம் மன்னிப்புக் கேட்டு, மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஏழு பேர்

இப்போது அந்தக் கலப்பையின் பராமரிப்பு முழுக்க என் பொறுப்பு. வேலை தொடங்கிய முதல் நாளே இரண்டு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி நட்டை மறுபடி இறுக்குவேன். தினமும் காலையில் கிரீஸ். சீசன் முடிந்தால் மண்ணைச் சுரண்டிக் கழுவி, சட்டிகளுக்குப் பழைய எஞ்சின் ஆயிலைத் தடவி, பலகை மேல் ஏற்றி நிறுத்திவிடுவேன். துணி கை துடைக்க மட்டும். சீல் இன்னும் அப்படியே இருக்கிறது.

சொல்ல வேண்டிய ஏழு பேரில் முதல் மூன்று பேரிடம் மறுநாளே சொல்லிவிட்டேன், அதே டீக்கடையில், அதே சத்தத்தில். டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஒருவர், “போகுது உடம்மா, ஊட்டு விசயம்” என்றார். ஊட்டு விசயத்தை ரோட்டுக்குக் கொண்டு வந்தவள் நான்தானே, ரோட்டில்தான் முடிக்க வேண்டும் என்றேன். அப்புறம் பால் சொசைட்டியில் ஒருவர், கோயில் வாசலில் ஒருவர். ஆறாவது ஆள் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைக்குப் போய்விட்டார். பஸ் ஏறிப் போய், பட்டறைச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு அந்தச் சம்பவமே ஞாபகமில்லை. பரவாயில்லை, எனக்கு இருக்கிறது.

ஊரில் இப்போது அவரை அந்தப் பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை.

ஏழாவது ஆள் செல்லமுத்து அண்ணா. மகள் வீட்டோடு வெளியூர் போய்விட்டார். மாதம் ஒரு முறை எங்களுக்குப் போன் செய்வார். நான் பத்திரிகையில் எழுதும் இந்தத் தொடரை வாராவாரம் படிப்பதாகவும் சொன்னார். ஆனால் காது சுத்தமாகக் கேட்பதில்லை. நான் என்ன சொன்னாலும் ‘ஆமாமா, நல்லா இருக்கறேன்’ என்பார். போன முறையும் வைக்கும் முன்பு, “வேன்காரரைக் கேட்டதாச் சொல்லம்மா” என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார்.

செல்லமுத்து அண்ணா, இந்த வாரம் எழுதியது உங்களுக்காக. அன்று நான் சொன்னது தப்பு. பேரிங்கைக் கெடுத்தது என் துணி. அவருக்குக் காடு ஓட்டத் தெரியும். அவர் பெயர் தங்கராசு.